வாரம் இரண்டு சின்னப் பலகைகள்: வேலைக்கு நடுவே கிராமத்து எண்ணெய் ஓவியம்

கேள்வி இது: பெங்களூரில் ஐ.டி. வேலை, போக வர மூன்று மணி நேரம். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். ஏரிக்கரை, வைக்கோல் போர், ஓட்டு வீடு என்று ஊர்க் காட்சிகளைச் சின்ன அளவில் எண்ணெய் வண்ணத்தில் வரைய ஆசை. சாமான்கள் எல்லாம் வாங்கியாயிற்று. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் பெட்டியைத் திறக்க முடிகிறது. தொடர்ந்து வரைய என்ன செய்வது?

ஓவியம் வரைய உட்காரும் ஒரு மாலை எப்படிப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேசையைக் காலி செய்து பேப்பர் விரிக்க 10 நிமிடம். எதை வரைவது என்று போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் அரை மணி. ட்யூப் மூடி இறுகிக் கிடக்கும், அதைத் திறந்து வண்ணம் பிதுக்கிக் கலக்க 20 நிமிடம். கடைசியில் பிரஷ் கழுவி, எல்லாவற்றையும் அள்ளிக் கட்டில் அடியில் தள்ள 20 நிமிடம். பலகையில் பிரஷ் படுவதற்கு முன்னும் பின்னுமாக ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. உங்களுக்கு இல்லாமல் போவது வரையும் நேரம் அல்ல, இந்தச் சில்லறை வேலைகளுக்கான நேரம்தான். இவற்றை வரையும் பொழுதிலிருந்து பிரித்து வேறு நாளில் முடித்துவிட்டால் 50 நிமிடத்தில் ஒரு சின்னப் படம் நிச்சயம் வரும்.

அளவிலிருந்து தொடங்கலாம். 6×8 அங்குலப் பலகையின் பரப்பு 48 சதுர அங்குலம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 18×24 கான்வாஸுக்கு 432, அதாவது சரியாக ஒன்பது மடங்கு. அந்தப் பெரிய பரப்பை ஈர வண்ணத்தால் ஒரே அமர்வில் மூடுவதென்றால் வேலைக்குப் போகிறவருக்கு நாள் போதாது. 6×8-இல் இன்னொரு வசதியும் இருக்கிறது. போன் கேமரா பொதுவாக 4:3 விகிதத்தில் படம் எடுக்கும், 6×8-உம் அதே விகிதம்தான். எடுத்த படத்தை வெட்டாமல் அப்படியே பலகைக்குக் கொண்டுவரலாம். 5×7 அப்படிப் பொருந்தாது; ஓரத்தில் எதை விடுவது என்ற யோசனையில் மறுபடி நேரம் போகும்.

கான்வாஸ் பேட் வாங்குவதைவிட 3 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகை நல்லது. பிளைவுட் கடையில் 4×2 அடித் துண்டு ஒன்று வாங்கி அங்கேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். கணக்குப்படி 24 பலகை வரும். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று மி.மீ. தின்றுவிடுவதால் பலகைகள் 6×8-க்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அது நல்லதுதான். ரெடிமேட் ஃபிரேமில் பலகை இறுகாமல் உட்கார அந்த இடைவெளி வேண்டும். வாரம் இரண்டு படம் என்றால் 24 பலகை 12 வாரத்துக்கு வரும். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகை தயாரித்தால் போதும்.

தயாரிக்கும் முறை: முதலில் அக்ரிலிக் மீடியம் ஒரு பூச்சு, முன்புறம், பின்புறம், நான்கு ஓரங்கள் எல்லாவற்றிலும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். ஓரத்தை விட்டுவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் அந்த வழியாக ஏறி உப்பும். அது காய்ந்ததும் முன்புறத்தில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு, மூன்று மெல்லிய பூச்சு, ஒன்றை நெடுக்காக, அடுத்ததைக் குறுக்காக. கடைசிப் பூச்சு காய்ந்த பிறகு 220 அல்லது 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். முகத்தில் மாஸ்க் அவசியம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கண்ணாடி போல வழவழப்பாக்கிவிடாதீர்கள், வண்ணம் பிடிக்காமல் வழுக்கும். பிறகு தண்ணீர் நிறையச் சேர்த்த அக்ரிலிக் பர்ன்ட் சியன்னாவை மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பலகையில் எந்த நிறமும் இருண்டு தெரியும், அதனால் எல்லாவற்றிலும் வெள்ளையைக் கூட்டிப் படத்தை வெளிறடித்துவிடுவோம். செம்மண் நிறத் தளத்தில் அந்த ஏமாற்றம் இல்லை. போதாததற்கு, நம் ஊர் நிலக்காட்சியில் இடுக்குகளில் எட்டிப் பார்க்கும் செம்மண் நிறம் தானாகவே உயிர் கொடுக்கும். ஜெஸ்ஸோ பூசி மூன்று நாள் விட்டுத்தான் எண்ணெய் வண்ணம் தொட வேண்டும்.

அடுத்தது இடம். வாடகை வீட்டில் தனி அறை கேட்கவில்லை. இரண்டடிக்கு இரண்டடி மூலை ஒன்று போதும், ஆனால் அது எப்போதும் விரித்தபடியே கிடக்க வேண்டும். மடித்து வைக்கும் மேசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதை விரிப்பதே ஒரு வேலையாகி, அலுத்து வந்த இரவில் அந்த ஒரு வேலையே தடுத்துவிடும். குழந்தைகள் இருந்தால் ஆள் உயர அலமாரியின் ஒரு தட்டையே மேசையாக்கிக் கதவைப் பூட்டலாம்.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரவில் வரைபவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் இங்கேதான். வீட்டு மஞ்சள் பல்பில் வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. ராத்திரி அழகாக இருந்த வயல் காலையில் எலுமிச்சைச் சாறு ஊற்றியது போலக் கத்தும். 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) பக்கம் உள்ள, சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கும் எல்.இ.டி. விளக்கு வாங்குங்கள். 6500 கெல்வின் ‘கூல் டேலைட்’ சற்று நீலம் கலந்தது, ஆனாலும் மஞ்சள் பல்புக்கு அது எவ்வளவோ மேல். ஒரே விளக்கு பலகை மேலும் வண்ணம் கலக்கும் பேலட் மேலும் சமமாக விழ வேண்டும். பலகை வெளிச்சத்திலும் பேலட் நிழலிலும் இருந்தால் கலந்த நிறம் வேறு, வைத்த நிறம் வேறாகிவிடும்.

வண்ணங்கள் ஆறு போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பெர்மனன்ட் அலிசரின், அல்ட்ராமரின் புளூ. வெள்ளைதான் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகத் தீரும், அதைப் பெரிய ட்யூபாக வாங்குங்கள். கேம்லினிலும் வின்சர் நியூட்டனின் வின்டன் வரிசையிலும் இவை அல்லது இவற்றுக்கு நெருங்கிய நிறங்கள் கிடைக்கும். பச்சை ட்யூப் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. கிராமத்துக் காட்சியில் முக்கால்வாசி பச்சை. அதை ட்யூபிலிருந்து நேராக எடுத்து வைத்தால் பிளாஸ்டிக் செடி போல இருக்கும். நாற்றங்காலின் பச்சை என்பது லெமன் எல்லோவில் கடுகளவு அல்ட்ராமரின், மேலே கொஞ்சம் வெள்ளை. வெயில் படும் நாற்று நாம் நினைப்பதைவிட மஞ்சளானது. கேழ்வரகுப் பயிர் சற்று நீலம் ஓடிய சாம்பல் பச்சை, அதற்கு நீலமும் வெள்ளையும் கூடி ஒரு துளி பர்ன்ட் சியன்னா. புளியமரத்து நிழல் பச்சைக்கு ஓக்கரும் அல்ட்ராமரினும் போதும், வெள்ளையே கூடாது.

கறுப்பும் வாங்க வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சரிபாதி சேர்ந்தால் கறுப்புக்கு அருகில் வரும். பனைமரத் தண்டு, கிணற்றின் உள்வாய், எருமை, தொழுவத்தின் இருட்டு எல்லாம் அதிலிருந்தே. அதில் வெள்ளை சேர்த்தால் நீலச் சாம்பலோ பழுப்புச் சாம்பலோ, எது வேண்டுமோ அது கிடைக்கும். கோலார், ஹோஸ்கோட்டை பக்கத்துச் செம்மண்ணுக்கு பர்ன்ட் சியன்னா, ஓக்கர், வெள்ளை. அந்த மண் மேல் விழும் மர நிழலுக்கு அதே கலவையில் அல்ட்ராமரினும் அலிசரின் ஒரு துளியும். நிழல் சற்று ஊதாவாக வரும், வெயில் தானாகத் தெரியும். பழுப்பில் கறுப்பைக் கலந்து நிழல் போட்டால் தரையில் ஓட்டை விழுந்தது போல இருக்கும்.

இனி வாரத்தின் ஒழுங்கு. ஞாயிறு ஒன்றரை மணி நேரம் தயாரிப்புக்கு, செவ்வாயும் வியாழனும் 50 நிமிடம் வரைவதற்கு. ஞாயிற்றுக்கிழமை பலகையில் வரையவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று செய்ய வேண்டியவை: இரண்டு காட்சிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 6×8 செ.மீ. கட்டத்தில் பென்சிலால் மூன்றே டோனில் ஒரு குறிப்புப் படம், அதாவது வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. கட்டத்தின் விகிதமும் பலகையின் விகிதமும் ஒன்றாக இருப்பது முக்கியம், இல்லையென்றால் பலகையில் எல்லாம் நகர்ந்துவிடும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் மூன்று டோனும் பிரிந்து தெரியும். இந்தக் குறிப்புப் படங்களை மெட்ரோவிலேயே முடிக்கலாம். வைட்ஃபீல்டிலிருந்து பர்ப்பிள் லைனில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் மெஜஸ்டிக் வருவதற்குள் நான்கு கட்டம் போடலாம்.

காட்சி தேடுவதில் நேரம் போவதற்கு ஒரே மருந்து, மாதம் முழுக்க ஒரே பொருள். ஜனவரியில் வைக்கோல் போர் என்றால் எட்டுப் பலகையும் வைக்கோல் போர்தான்: காலை, உச்சி, சாயங்காலம், பக்கத்தில் மாடு, பாதி பிடுங்கிய போர், பனியில் மங்கிய போர். மூன்றாவது படத்துக்குப் பிறகு அதன் வடிவம் கைக்கு வந்துவிடும், அப்புறம் கண் வெளிச்சத்தை மட்டும் பார்க்கும். வாரா வாரம் புதுக் காட்சி எடுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் முதல் படத்தையே வரைந்துகொண்டிருப்பார்கள்.

ஞாயிறன்றே ஆறேழு முக்கியக் கலவைகளையும் கலந்துவிடுங்கள். வானம், தொலைவு, வெயில் தரை, நிழல் தரை, வெயில் பச்சை, நிழல் பச்சை, ஆழ்ந்த இருட்டு. ஒவ்வொன்றும் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, வெள்ளை சேர்ந்தவை கொஞ்சம் அதிகம். அவற்றைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, காற்றுப் புகாத மூடி உள்ள டப்பாவுக்குள் வைக்கலாம். பஞ்சில் இரண்டு துளி கிராம்பு எண்ணெய் விட்டு டப்பாவின் மூலையில் வைத்தால் வியாழன் வரை ஈரமாக இருக்கும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாவது போலக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்து இறுகுகிறது. கிராம்பு எண்ணெய் அந்த வினையைத் தாமதப்படுத்தும். ஆனால் வண்ணத்தில் நேராக ஊற்றிவிடாதீர்கள், படலம் பலவீனமாகும். சாப்பாட்டு ஃபிரிட்ஜில் வண்ண டப்பா வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

செவ்வாய் இரவு 9 மணி, அல்லது அலுவலகம் தாமதமாகத் தொடங்குமென்றால் காலை 6 மணி. எனக்குக் காலைதான் சரியென்று படுகிறது, இரவு நேரத்தை அலுவலக அழைப்புகள் எப்போது வேண்டுமானாலும் விழுங்கும். முதல் 8 நிமிடம்: டர்பன்டைன் என்ற கரைப்பானில் இளக்கிய பர்ன்ட் சியன்னாவால் அடிவானக் கோடும் பெரிய வடிவங்களும், அவ்வளவுதான், சன்னல் கம்பி எண்ண வேண்டாம். அடுத்த 10 நிமிடம் இருட்டுகள், மெல்லியதாக. அடுத்த 15 நிமிடம் வானம், தொலைவு, தரை ஆகிய பெரிய பரப்புகள், 8-ஆம் எண் தட்டை பிரஷால். பலகையின் பெரும்பகுதியை மூடிய பிறகு 12 நிமிடம் விளிம்புகளும் வெளிச்சமும். வெயில் படும் இடங்களில் வண்ணம் தடிப்பாக, ஒரே தீற்றலில், அப்புறம் தொடாமல். கடைசி 5 நிமிடத்தில் மட்டும் சின்ன பிரஷ்: மின்கம்பி, மாட்டின் கொம்பு, தென்னையின் இரண்டு கீற்று.

இருபதாவது நிமிடத்தில் வடிவம் கோணலாக இருப்பது தெரிந்தால் திருத்தி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். பேலட் கத்தியால் சுரண்டித் துணியால் துடைத்து, அதே பலகையில் மறுபடி தொடங்குங்கள். அடியில் மிஞ்சும் மங்கல் சாயல் இரண்டாவது முயற்சிக்கு நல்ல தளம்.

வண்ணம் சேறாகிவிடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஒவ்வொரு தீற்றலுக்கும் பிரஷைத் துடைக்காமல் அடுத்த நிறத்தில் தோய்ப்பது. ஈர வண்ணத்தின் மேல் ஈர வண்ணத்தை வைத்துவிட்டு அதையே தேய்த்துக்கொண்டிருப்பது. நிழலில் வெள்ளை நுழைந்துவிடுவது. இடது கையில் பழைய பனியன் துணி எப்போதும் இருக்கட்டும். வெளிச்சத்துக்கு ஒரு பிரஷ், நிழலுக்கு ஒரு பிரஷ் என்று பிரித்துவிட்டால் பாதிச் சேறு குறையும்.

செவ்வாய் வரைந்த படத்தை வியாழனன்று தொடக்கூடாது, அதனால்தான் வியாழனுக்கு வேறு பலகை. மண் நிறங்கள் ஓரிரு நாளில் தொடும் பதத்துக்குக் காயும். வெள்ளை மிகுந்த வானத்துக்கு ஒரு வாரம்கூட ஆகலாம், பெங்களூர் மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். இடையில் பிசுபிசுப்பாக இருக்கும் கட்டத்தில் பிரஷ் பட்டால் கீழ் வண்ணம் பெயர்ந்து வரும். மறுநாளே ஈரத்தோடு ஈரமாகத் தொடுங்கள், இல்லையேல் முழுதாகக் காயவிட்டுப் பத்து நாள் கழித்துத் தொடுங்கள். அப்படி மேலே வைக்கும் வண்ணத்தில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் சில துளி கூடுதலாக இருக்க வேண்டும். கீழ்ப்படலத்தைவிட மேல்படலத்தில் எண்ணெய் குறைந்தால் மேலது முதலில் இறுகி, கீழது அசையும்போது வெடிக்கும்.

காய்ந்த பிறகு இருட்டுப் பகுதிகள் சாம்பல் பூத்தது போல மங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். தளம் எண்ணெயை உறிஞ்சிவிட்டது, அல்லது டர்பன்டைன் அதிகமாகிவிட்டது. துளி லின்சீட் எண்ணெயை அந்த இடத்தில் விரலால் தேய்த்து, அரை மணி கழித்து சுத்தமாகத் துடைத்து எடுத்தால் நிறம் திரும்பும்.

பெயின்ட் கடையில் லிட்டர் கணக்கில் விற்கும் தின்னர் வேண்டாம், பிசுக்கை விட்டுப்போகும், நெடியும் கடுமை. படுக்கையறையிலேயே வரைகிறீர்கள் என்றால் கரைப்பானே இல்லாமல், கொஞ்சம் லின்சீட் எண்ணெயோடு மட்டும் வேலை செய்யலாம். வார நடுவில் பிரஷ் கழுவ வேண்டியதில்லை. துணியில் வழித்துவிட்டு லின்சீட் எண்ணெயில் தோய்த்துத் தட்டில் படுக்கவைத்தால் வியாழன் வரை இளகியிருக்கும். வியாழன் இரவு சமையல் சூரியகாந்தி எண்ணெயில் அலசி, பிறகு சோப்புப் போட்டு உள்ளங்கையில் தேய்த்து நுரை வெள்ளையாகும்வரை கழுவுங்கள். சமையல் எண்ணெய் மிச்சம் இருந்தால் அடுத்த படம் காயாது. எண்ணெய்த் துணியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். லின்சீட் எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். கசக்கிக் குப்பையில் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், அல்லது பால்கனிக் கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

காட்சிக்கு எங்கே போவது? பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நான்கு நாளில் மூன்று மாதத்துக்கான சரக்கைச் சேர்த்துக்கொண்டு வரலாம். வெயில் சாய்வாக இருக்கும்போது, காலை 8:30-க்குள்ளும் மாலை 4:30-க்கு மேலும் படம் எடுங்கள். உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருங்கி வீடும் மரமும் தட்டையாகிவிடும். போன் கேமரா நிழலைக் கறுப்பாக்கும், அல்லது வானத்தை வெள்ளையாக்கும். அதனால் ஒரே காட்சியை வானத்தில் விரல் வைத்து ஒன்றும் நிழலில் விரல் வைத்து ஒன்றுமாக இரண்டு எடுக்க வேண்டும். கூடவே ஒரு வரி எழுதி வையுங்கள்: ‘ஓட்டுக்கூரை வெயிலில் ரோஸ், நிழலில் கத்தரிப்பூ நிறம்’. ஆறு வாரம் கழித்து அந்த வரி போட்டோவைவிட உதவும்.

ஊருக்குப் போக முடியாத மாதங்களில் ஹெசரகட்டா புல்வெளி, ஹோஸ்கோட்டை ஏரி, ஆனேக்கல் தாண்டிய வயல்கள், ஓசூர் வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்று காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பலாம். அறுவடை முடிந்த டிசம்பரில் கேழ்வரகுக் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி வண்டிச் சக்கரங்களில் மிதிபட விடுவார்கள். கறுப்புச் சாலையில் பொன் பழுப்புக் கதிர், குனிந்த ஒரு சேலை, பின்னால் நீலக் குன்று. 6×8-க்கென்றே அமைந்த காட்சி அது. பெங்களூரின் பூத்த மரங்களை வரைந்த ருமாலே சென்னபசவையாவின் படங்களை ராஜாஜிநகரில் பார்க்கலாம். நம் வெயிலை ஒருவர் எப்படி வண்ணமாக்கியிருக்கிறார் என்று கிட்டே நின்று பாருங்கள்.

இந்த அளவில் மாடு ஒரு செ.மீ.தான். முதுகில் ஒரு வெளிச்சத் தீற்றல், விலாவில் ஓர் இருட்டு, தலைக்கு ஒரு பொட்டு. நான்கு காலையும் வரைந்தால் மேசை போல நிற்கும், குளம்புகளைப் புல்லில் கரைத்துவிடுங்கள். மனிதர்களுக்குத் தலையைப் பெரிதாக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு; உயரத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. ஏரித் தண்ணீரில் வெளிச்சமான பொருளின் பிம்பம் சற்று இருண்டும், இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளிறியும் இருக்கும். அந்தச் சின்ன மாற்றம் இல்லாவிட்டால் தண்ணீர் கண்ணாடியாகிவிடும்.

அலுவலகத்தில் புது மென்பொருள் வெளியாகும் ரிலீஸ் வாரம், எந்நேரமும் அழைப்பு வரக்கூடிய ஆன்-கால் வாரம் வரும். அப்போது படத்தை விடுங்கள், வரையும் நாளை விடாதீர்கள். பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின், வெள்ளை என மூன்றே வண்ணத்தில், எண்ணெய் வண்ணத் தாளில் 15 நிமிடம் ஒரு டோன் பயிற்சி போதும்.

ஆண்டுதோறும் ஜனவரியில் கர்நாடகச் சித்ரகலா பரிஷத் குமார கிருபா சாலையில் நடத்தும் சித்ர சந்தையில் படங்களை வைக்க எண்ணமிருந்தால் அக்டோபருக்குள் வரைந்தவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பர் குளிரில் தடித்த வெள்ளை மெதுவாகத்தான் காயும். முழு வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், அதற்குமுன் என்றால் ரீடச் வார்னிஷ் என்ற தற்காலிக வார்னிஷ் மெல்லிய ஒரு பூச்சு மட்டும். காயும்வரை பலகைகளை நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள சுவரில் சாய்த்து வையுங்கள். பீரோவுக்குள் பூட்டி வைத்தால் லின்சீட் எண்ணெய் மஞ்சளடித்துப் போகும். அப்படி ஆகிவிட்டால் சில வாரம் சன்னலோரம் வைத்துப் பாருங்கள், மஞ்சள் பெருமளவு இறங்கிவிடும்.